நீலம் பாரித்த குழந்தைகள்

அருணாசல மலையைச் சுற்றி வரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். கிழக்கே பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டவர்கள் மலைக்கு மேற்குப் புறம் வந்து சேரும்போது அடி அண்ணாமலை என்ற சிற்றூர் எதிர்ப்படுகிறது. அங்கே ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கிறது. பிரம்மதேவன் பிரதிஷ்டை செய்த லிங்கம் என்பது ஐதிகம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியருளியது இந்த இடத்தில்தான் என்றும் சொல்லுவார்கள். அவருக்கென்று பாதையோரத்தில் தனிக் கோயிலே உண்டு. பௌர்ணமி இரவுகளில் கால் ஓய்ந்தவர்கள் அங்கங்கே உட்கார்ந்து இளைப்பாறுவதும், பிறகு "அண்ணாமலைக்கு அரோகரா" என்று எழுந்து நடப்பதும் இயல்பு. எழுபது வயதுக் கிழவிகள்கூட எழுந்து நடந்து விடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு குழந்தையைக் காணலாம். வயது நாலோ ஐந்தோ இருக்கும். அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கிப் பத்துப் பதினைந்து அடி நடக்கும். உடனே முழங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்து விடும். அடம் பிடிக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அடமில்லை. சற்று உற்றுப் பார்த்தால் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருப்பதும், விரல் நுனிகள் பருத்து உருண்டிருப்பதும், நகக்கண்கள் நீலம் பாரித்திருப்பதும் தெரியும்.

இந்தக் குழந்தைகளுக்கு நம்மவர்கள் சொல்லி வந்த காரணங்கள் பல. கிரகண வேளையில் தாய் வெளியே வந்து விட்டாள் என்பார்கள். நாகதோஷம் என்பார்கள். முன்ஜன்ம பாவம் என்பார்கள். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விடியும். மாமியார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்தப் பெண் தானே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு விடுவாள். நோயைவிட அந்தக் குற்றவுணர்வு பல வீடுகளில் அதிகம் வருத்தியிருக்கிறது. ஆகவே, அந்தக் குழந்தையின் மார்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது, அதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படிச் சீர் செய்யத் துணிந்தார்கள் என்பதை அறிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக அல்ல. ஒரு பொய் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்காகவும்தான்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இருதயத்தை விளக்குவது எளிது. ஒரே கரையால் பிரிக்கப்பட்ட இரண்டு வாய்க்கால்கள் அருகருகே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வலப்புற வாய்க்காலில் உடம்பெல்லாம் சுற்றிப் பிராணவாயுவை இழந்து கறுத்துப்போன ரத்தம் வருகிறது. அது ஒரு மதகு வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சுத்தியாகி, செக்கச் செவேலென்று இடப்புற வாய்க்காலுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து மகா தமனி என்ற பெருங்குழாய் வழியாக உடம்பு முழுவதும் பாய்கிறது. இரண்டு வாய்க்கால் நீரும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு.

நீலக் குழந்தையின் இருதயத்தில் இந்த ஏற்பாடு நான்கு விதத்தில் பிசகியிருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் மதகு தூர்ந்து குறுகிப் போயிருக்கிறது. இரண்டு வாய்க்கால்களுக்கும் நடுவே உள்ள கரையில் ஓர் உடைப்பு. மகா தமனியின் வாய், இடப்புறம் மட்டும் இருக்க வேண்டியது, அந்த உடைப்பின் மேல் சவாரி செய்வதுபோல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அமர்ந்திருக்கிறது. குறுகிய மதகை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலப்புற அறையின் சுவர் தடித்துப் போகிறது. விளைவு என்ன? நுரையீரலுக்குப் போக வழியில்லாத கறுப்பு ரத்தம் உடைப்பின் வழியே புகுந்து நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போய்விடுகிறது. உடம்பு நீலமாகிறது. அழுதால், நடந்தால், பால் குடித்தால்கூட மூச்சு முட்டுகிறது.

குழந்தை ஏன் குந்தி உட்காருகிறது? தொடையும் முழங்காலும் மடங்கும்போது கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் நெருக்குண்டு உடம்புப் பக்கம் தடை கூடுகிறது. அந்தப் பக்கம் எளிதில் போக முடியாத ரத்தம் குறுகிய மதகை முட்டி, வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக நுரையீரலுக்குள் நுழைகிறது. மூச்சு கொஞ்சம் சமனப்படுகிறது. இந்தச் சிகிச்சையை எந்த டாக்டரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வயதில், உலகத்தின் எல்லா மூலைகளிலும், நீலக் குழந்தைகள் தாமாகவே இதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் காரணம் புரிந்துகொண்டது நெடுங்காலம் கழித்து.

பெரியவர்கள் பார்க்காமலும் இல்லை. டென்மார்க் தேசத்து நீல்ஸ் ஸ்டென்சன் 1671-லேயே, பிறவாத ஒரு சிசுவின் உடலை ஆராய்ந்து இந்தக் கோளாற்றை எழுதி வைத்தார். 1777-ல் ஹாலந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் சாண்டிஃபோர்ட், நீலம் பாரித்து இளம் வயதில் இறந்த ஒரு பையனின் இருதயத்தில் இதே அமைப்பைக் கண்டார். 1888-ல் பிரான்ஸில் மார்செய் நகரத்து டாக்டர் ஆர்தர் ஃபாலோ ஒரு படி மேலே போனார். நீல நோயால் இறந்தவர்களின் இருதயங்களை ஆராய்ந்து, வளர்ந்த வயதில் இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினருக்கு இதே நான்கு குறைகளும் சேர்ந்தே இருப்பதைக் காட்டினார். இன்றும் இந்நோய் 'ஃபாலோவின் நான்கு' என்ற பொருளில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடுத்து வந்தவர் கனடாவின் மாட் அபட் என்ற பெண்மணி. மான்ட்ரியாலில் மெக்கில் சர்வகலாசாலை, பெண் என்ற காரணத்தால் அவரை வைத்தியக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள மறுத்தது. வேறொரு கல்லூரியில் படித்து 1894-ல் பட்டம் பெற்றார். பிற்பாடு அதே மெக்கில் அவரைத் தன் காட்சிசாலையைக் கவனித்துக்கொள்ள நியமித்தது. கண்ணாடிக் குடுவைகளில் திராவகத்தில் மிதந்த இருதயங்களைத் துடைத்து அடுக்கி அட்டவணை போடும் வேலை. அந்த வேலையிலிருந்து ஒரு சாஸ்திரத்தையே அவர் எழுப்பிவிட்டார். பிறவி இருதயக் கோளாறுகள் ஆயிரத்தை ஆராய்ந்து அவர் தொகுத்த படநூல் 1936-ல் வெளிவந்தது.

ஸ்டென்சன் முதல் மாட் அபட் வரை 265 வருஷங்கள். இவ்வளவு காலமும் இந்த நோயைப் பற்றிய அறிவெல்லாம் பிரேதப் பரிசோதனை மேஜையில் கிடைத்த அறிவு. உயிரோடிருக்கும் ஒரு குழந்தைக்கும் அதனால் ஒரு மூச்சுக்கூட அதிகம் கிடைக்கவில்லை. தெரிந்து என்ன பயன்?

கத்தி வைக்க ஏன் யாரும் துணியவில்லை என்று கேட்கலாம். இருதயம் மற்ற அவயவங்களைப் போன்றதல்ல என்ற எண்ணம் எங்கும் இருந்தது. நம் நாட்டில் பூசலார் நாயனார் கோயில் கட்டியது இருதயத்துக்குள்தானே? திருநின்றவூரில் இருதயாலீசுவரர் சந்நிதியில் இன்றும் நெஞ்சு நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். அண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி, தாம் சொல்லும் இருதயம் மார்பின் வலப்புறத்தில் இருப்பது, ரத்தத்தை இறைக்கும் அவயவம் அல்ல என்று பிரித்தே பேசினார். மேல்நாட்டிலோ இந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாக இல்லை. ஸ்டீபன் பாஜட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1896-ல் எழுதிய நூலில், இருதயத்தின் விஷயத்தில் ரண சிகிச்சை இயற்கை விதித்த எல்லையைத் தொட்டுவிட்டது என்றே கருத்துச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அதே 1896-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்பவர், கத்திக்குத்துப் பட்டு வந்த ஒரு வாலிபனின் இருதயத்தில் தையல் போட்டு அவனைப் பிழைக்க வைத்துவிட்டார். இயற்கை விதித்த எல்லை என்று நாம் சொல்வதெல்லாம் பல சமயங்களில் நம் அச்சம் போட்ட வேலிதான்.

1938-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் பாஸ்டன் நகரில் அந்த வேலியில் இன்னொரு வழி திறந்தது. தாயின் கருப்பையில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் நுரையீரல் குழாயிலிருந்து மகா தமனிக்கு ஒரு குறுக்கு வாய்க்கால் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாது. ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு அப்படித் திறந்தே கிடந்த வாய்க்காலை ராபர்ட் கிராஸ் என்ற இளம் டாக்டர் கட்டி அடைத்தார். அவருடைய மேலதிகாரி ஊரில் இல்லாத சமயம் பார்த்துச் செய்த காரியம் அது! குழந்தை பிழைத்தாள், நெடுங்காலம் வாழ்ந்தாள்.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹெலன் டௌசிக் என்ற டாக்டர் இருந்தார். அவருக்குக் காது கேட்கும் சக்தி குறைந்துகொண்டே போயிற்று. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதே தொழிலாகிய இருதய வைத்தியருக்கு இது எப்படிப்பட்ட இடி! அவர் கலங்கிப்போய்த் தொழிலை விடவில்லை. குழந்தைகளின் மார்பில் கையை வைத்து, துடிப்பை விரல்களால் படித்தார். எக்ஸ்ரே திரையில் இருதயத்தின் நிழலை மணிக்கணக்கில் பார்த்தார். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். நீலக் குழந்தைகளில் சிலர் பிறந்தவுடன் அவ்வளவு நீலமாக இருப்பதில்லை. அந்தக் குறுக்கு வாய்க்கால் மூடிக்கொண்ட பிறகுதான் நிலைமை மோசமாகிறது. அப்படியானால் நீலக் குழந்தைக்கு அந்த வாய்க்கால் ஒரு வரப்பிரசாதம். அதன் வழியாகக் கொஞ்சம் ரத்தம் மீண்டும் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிராஸ் வாய்க்காலை மூடுகிறார்; நாம் ஏன் புதிதாக ஒன்றை வெட்டிவிடக் கூடாது?

இந்த யோசனையோடு அவர் முதலில் கிராஸிடமே போனார். கிராஸ் அக்கறை காட்டவில்லை. பிறகு 1941-ல் ஹாப்கின்ஸுக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்த ஆல்ஃபிரட் பிளேலக்கிடம் சொன்னார். பிளேலக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்ட இன்னொருவரும் உண்டு. அவர் பெயர் விவியன் தாமஸ்.

தாமஸ் 1910-ல் பிறந்த நீக்ரோ இனத்தவர் என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதியிருக்கும். கறுப்பின அமெரிக்கர் என்று இன்று சொல்கிறோம். தச்சு வேலை கற்றவர். டாக்டராக வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருந்தார். பொருளாதார மந்தத்தில் பாங்கு முழுகியபோது அந்தச் சேமிப்பும் முழுகியது. 1930-ல், தென்பகுதியில் நாஷ்வில் நகரத்துச் சர்வகலாசாலையில் பிளேலக்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டிருந்த பதவியோ துப்புரவுத் தொழிலாளி. பிளேலக் பால்டிமோருக்குப் போனபோது தாமஸையும் அழைத்துப்போனார். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு கறுப்பர் ஆஸ்பத்திரி நடையில் போவதைக் கண்டு அங்கே வேலை செய்தவர்கள் நின்று பார்த்தார்களாம். குடும்பம் நடத்தப் பணம் போதாமல், பிளேலக் வீட்டு விருந்துகளில் மதுக் கோப்பைகளை நிரப்பிக் கொடுக்கும் வேலையும் அவர் செய்ததுண்டு. பகலில் தம்மிடம் கைத்தொழில் கற்ற இளம் டாக்டர்களுக்கே மாலையில் கோப்பை நீட்ட வேண்டிய நிலை!

டௌசிக்கின் யோசனையைக் காரியமாக்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. கைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயை வெட்டி, அதன் முனையை நுரையீரல் குழாயின் பக்கவாட்டில் தைத்து இணைக்க வேண்டும். கைக்குக் கிளைக் குழாய்கள் வழியாக ரத்தம் கிடைத்துவிடும். இரண்டு வருஷ காலம் ஏறக்குறைய 200 நாய்களில் இதைச் செய்து பார்த்தார். முதலில் நாய்க்கு நீல நோயை உண்டாக்கிப் பிறகு அதைக் குணப்படுத்தினார். அவ்வளவு சிறிய குழாய்களைப் பிடிக்கத் தகுந்த கிடுக்கியும் தைக்கத் தகுந்த ஊசியும் கடையில் கிடைக்கவில்லை. தச்சன் கை அல்லவா? தாமே வடிவமைத்தும், இருந்த ஊசியைக் குட்டையாக்கித் தீட்டியும் பயன்படுத்தினார். அந்த நாய்களில் நெடுநாள் வாழ்ந்த ஒன்றின் பெயர் அன்னா. அதன் சித்திரத்தை ஹாப்கின்ஸில் மாட்டி வைத்தார்கள். தாமஸின் சித்திரம் அங்கே ஏற இன்னும் பல வருஷங்கள் ஆயின.

1944-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி. மேஜையில் கிடத்தப்பட்ட பெண் குழந்தைக்கு வயது 15 மாதம். எடை நாலு கிலோவை ஒட்டித்தான் இருந்தது. அந்த வயதில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பிளேலக் கத்தியை எடுக்குமுன் தாமஸைக் கூப்பிட்டனுப்பினார். தம் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். காரணம் எளிது. இந்தத் தையலை நாயின் உடம்பில் பிளேலக் முன்னின்று செய்தது ஒரே ஒரு தடவை. தாமஸ் செய்ததோ பல தடவைகள். உலகப் புகழ்பெற்ற சர்ஜன் ஒவ்வொரு தையலுக்கும், சரிதானா, இந்தத் திசைதானா என்று, கல்லூரியில் காலடி வைக்காத ஒரு தச்சரைக் கேட்டுக் கேட்டுத் தைத்தார். இதில் பிளேலக்குக்குச் சிறுமை ஒன்றுமில்லை. அந்த அறையில் தெரிந்தவர் யாரோ அவரைக் கேட்பதே அவருக்குப் பெருமை.

அந்தக் குழந்தை தேறினாள். ஆனால் சில மாதங்களில் மறுபடி நீலம் பாரித்தது. இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு, இரண்டு வயது நிறையுமுன் இறந்து போனாள். கதை எழுதுகிறவனாயிருந்தால் இப்படி முடிக்கத் தயங்குவான். வரலாற்றுக்கு அந்தத் தயக்கமில்லை. 1945 பிப்ரவரியில் மூன்றாவதாக ஓர் ஆறு வயதுப் பையன் வந்தான். நடக்கவே மாட்டாதவன். கிடுக்கிகளை எடுத்தவுடன் அறையிலிருந்த அத்தனை பேர் கண்முன்னாலும் அவனுடைய கருநீல உதடு இளஞ்சிவப்பாக மாறியது. மே மாதம் செய்தி வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. தேசமெங்கிலுமிருந்தும், கடல் கடந்தும் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் பால்டிமோர் வந்து குவிந்தார்கள். சில வருஷங்களுக்குள் ஆயிரம் பேருக்கு மேல் அங்கே சிகிச்சை நடந்தது.

அந்தக் கட்டுரையில் பிளேலக், டௌசிக் பெயர்கள் இருந்தன. தாமஸின் பெயர் இல்லை. சிகிச்சைக்கும் இருவர் பெயரே நிலைத்தது. 1971-ல் அவர் படத்தை ஆஸ்பத்திரியில் திறந்து வைத்தார்கள். 1976-ல் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதுவும் வைத்தியப் பட்டமல்ல. சட்டத்துறையின் கௌரவப் பட்டம்! 1985-ல் அவர் காலமான சில தினங்களில் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. இப்போதுதான் சில காலமாக அந்தச் சிகிச்சையை மூவர் பெயராலும் அழைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. வாசல்படியில் நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு பெண்களும் ஒரு கறுப்பரும் இல்லாவிட்டால் இந்த வாசல் எப்போது திறந்திருக்குமோ!

இந்தச் சிகிச்சையிலும் ஒரு குறை உண்டு. புதிய வாய்க்கால் வெட்டினார்களே தவிர, உடைந்த கரை உடைந்தே கிடந்தது. தூர்ந்த மதகு தூர்ந்தே கிடந்தது. அவற்றைச் சரி செய்ய இருதயத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் ரத்த ஓட்டம் நிற்க வேண்டும். சாதாரணச் சூட்டில் நாலைந்து நிமிஷம் ஓட்டம் நின்றால் மூளை கெட்டுவிடும். என்ன செய்வது?

1952 செப்டம்பரில் மின்னஸோட்டாவில் ஒரு சிறுமியின் உடம்பைக் குளிர வைத்து, கிடைத்த சில நிமிஷங்களுக்குள் இருதயத்தின் மேலறைச் சுவரிலிருந்த துவாரத்தை மூடினார்கள். 1953 மே 6-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இருபது வருஷம் பாடுபட்டு அமைத்த இருதய-நுரையீரல் யந்திரத்தின் துணையால் 18 வயதுப் பெண் ஒருத்தியைக் காப்பாற்றினார். ஆனால் அதையடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. அவர் மனமொடிந்து அந்த வேலையை நிறுத்திக்கொண்டார்.

அப்போது மின்னஸோட்டாவில் வால்டன் லில்லிஹை ஒரு வழி சொன்னார். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். யந்திரம் வேண்டாம், குழந்தையின் தகப்பனையோ தாயையோ பக்கத்து மேஜையில் படுக்க வைப்போம், இருவர் ரத்தக் குழாய்களையும் இணைப்போம், குழந்தையின் இருதயம் திறந்திருக்கும் நேரமெல்லாம் பெற்றவரின் இருதயமும் நுரையீரலும் இருவருக்குமாக உழைக்கட்டும். ஒரு சிகிச்சையில் இரண்டு உயிரும் போகக்கூடுமே என்று சக டாக்டர்கள் பதறினார்கள். 1954 மார்ச் 26-ல் முதல் முறையாகச் செய்தார். தகப்பன் துணை கிடந்த அந்தப் பச்சைக் குழந்தை பதினோராம் நாள் நிமோனியாவால் இறந்தது. அவர் நிறுத்தவில்லை. மொத்தம் 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் வீடு திரும்பினார்கள். 30 வருஷம் கழித்தும் 22 பேர் உயிரோடிருந்தார்கள். துணை கிடந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் ஒரு தாய் வாழ்நாள் முழுதும் முடங்கிப்போனாள். அந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே 1954-ல் ஆகஸ்ட் 31-ந் தேதி, ஃபாலோ சொன்ன நான்கு குறைகளும் கொண்ட ஒரு சிறுவனின் இருதயத்தைத் திறந்து, உடைப்பை மூடி, மதகை விரித்து, முதல் தடவையாக முழுச் சீரமைப்புச் செய்தார் லில்லிஹை. சிறுவனின் ரத்த வகை அபூர்வமானது, பெற்றோருக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது சாலை வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு. முன்பின் அறியாதவர், தமக்கும் சின்னக் குழந்தைகள் உள்ளவர். அவர் வந்து பக்கத்து மேஜையில் படுத்துக்கொண்டார்! மறுவருஷமே எளிய யந்திரங்கள் வந்துவிட்டதால் இந்த முறை மறைந்துவிட்டது. ஆனாலும் தகப்பனின் மூச்சில் மகன் பிழைத்த அந்தச் சில மாதங்களைப் போல வைத்திய வரலாற்றில் இன்னொரு காலம் இருக்குமா என்பது சந்தேகம்.

அண்ணாமலையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனைப்படும் தம் மனைவியரைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று வந்து, ஆண் டாக்டர் வேண்டாமென்று திரும்பி, மூன்று பெண்களும் இறந்த கதையை நம் பக்கத்தில் பலர் கேட்டிருப்பார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கடர் தாமே டாக்டராகி வந்து 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி. 1940-களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் அங்கே வந்து மார்பு ரண சிகிச்சைக்கென்று தனித்துறை அமைத்தார். அவருக்குப் பின் வந்த டாக்டர் என். கோபிநாத் தலைமையில் 1961-ல் அங்கே திறந்த இருதயச் சிகிச்சை வெற்றியாக நடந்தது. இந்தியாவிலேயே அது முதலாவது என்று அந்த ஸ்தாபனம் தன் வரலாற்றில் குறிக்கிறது. அந்நாளில் பம்பாயிலும் அதே முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. ஐடா ஸ்கடர் அதைக் காணவில்லை. 1960-ல் கொடைக்கானலில் காலமாகிவிட்டார்.

பால்டிமோருக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. பர்மாவில் பிறந்து ரங்கூனில் வைத்தியம் படித்த பத்மாவதி என்ற பெண், ஜப்பானியப் படையெடுப்பின்போது 1942-ல் தாயோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார். யுத்தத்துக்குப் பின் மேல்நாடு சென்று ஹெலன் டௌசிக்கிடமே பயின்றார். 1953-ல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர்ந்து, தேசத்தின் முதல் பெண் இருதய நிபுணரானார். 103-ஆம் வயதில் 2020-ல் மறையும்வரை நோயாளிகளின் நினைவிலேயே வாழ்ந்தவர். காது கேளாத ஓர் ஆசிரியையின் கைப்பழக்கம் இப்படி நம் தேசத்துக் குழந்தைகளின் மார்புவரை வந்து சேர்ந்தது.

இன்று இந்த நோய்க்கு ஒரு வயதை ஒட்டியே முழுச் சீரமைப்பும் செய்துவிடுகிறார்கள். நல்ல ஆஸ்பத்திரிகளில் செய்துகொண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகும் ஆயுள் முழுதும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். மதகு சிலருக்குப் பிற்பாடு பழுதாகும். பணமில்லை என்பதும் முன்போல் முடிவான பதிலல்ல. அரசாங்கக் காப்பீட்டிலும், 2013 முதல் நடந்துவரும் சிறார் பரிசோதனைத் திட்டத்திலும் ஏழைக் குழந்தைகளுக்கு வழி உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டர்கள் தேடி வருகிறார்கள்.

அப்படியும் ஏன் குழந்தைகள் நேரம் தப்பி வருகிறார்கள்? ஒரு காரணம் நம் தோலின் நிறம். வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் நீலம் மாநிறத்தில் மறைந்துவிடும். "பிள்ளை கறுப்பாகப் பிறந்திருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய எஞ்ஜினீயர் தகுவோ அயோயாகி 1974-ல் கொண்டுவந்த முறையால், பிறந்த குழந்தையின் பாதத்தில் ஒரு சின்ன விளக்கைப் பொருத்திச் சில நிமிஷங்களில் ரத்தத்தின் பிராணவாயுவை அளந்துவிடலாம். தாய் கருமையென்று நினைத்ததை அந்த விளக்கு நீலமென்று சொல்லிவிடும்.

இன்னொரு காரணம் அந்தப் பழைய பொய் வழக்கு. தன்னால்தான் வந்தது என்று நம்பும் தாய், டாக்டரிடம் போவதற்குமுன் பரிகாரம் தேடிப் போகிறாள். அவளுக்கு ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு இருதயத்தில் ஏதோ ஒரு பிறவிக்குறை இருக்கிறது. எல்லா தேசத்திலும், கிரகணத்தை நம்புகிற வீட்டிலும் நம்பாத வீட்டிலும் இருக்கிறது. கருவில் இருதயத்தின் அறைகளும் சுவர்களும் அமைந்து முடிவது முதல் எட்டு வாரங்களில். அதற்குள் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பிணி என்பதே நிச்சயமாகத் தெரிந்திருக்காது. கர்ப்ப ஆரம்பத்தில் வரும் ஜெர்மன் அம்மை சில குழந்தைகளின் இருதயத்தைத் தாக்கும் என்பது 1941-ல் ஆஸ்திரேலியாவில் தெரிய வந்தது. அதற்குத் தடுப்பூசி உண்டு. நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்துகொள்வதும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது. மற்றபடி பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ன காரணம் என்று விரலை நீட்டிக் காட்ட எவராலும் முடியாது. நிலவு மறைந்ததும் சூரியன் மறைந்ததும் அந்தக் காரணங்களில் சேரவே சேராது.

பரிகாரம் வேண்டாமென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டிக்கொண்ட பிறகு வேலூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறினால் போதும். பஸ்ஸில் போகும்போது அந்தத் தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். பழியை வைத்துக்கொள்ள வேண்டாம்.